தூரம் தாங்கும் பூ

தங்கை ரயிலேறிய ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா பூக்கடையின் ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு நிலையத்துக்கு ஓடினாள். கையில் வெள்ளைச் சாமந்திக் கொத்து. காம்புகளைச் சுற்றி ஈரப் பஞ்சு, அதன்மேல் பிளாஸ்டிக் தாள்.

முந்தின நாள் மாலை இருவருக்கும் பெரிய சண்டை. அப்பா அம்மா போனபின் இருவருமாகச் சேர்ந்து நடத்திய கடை அது. தங்கைக்குத் தொலைதூர நகரத்தில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்ததும், அக்கா வாய்க்கு வந்ததைப் பேசிவிட்டாள்: "போறதா இருந்தா போ. எனக்குத் தங்கச்சியே இல்ல, செத்துட்டான்னு நினைச்சுக்கறேன்."

பெட்டிக் கதவருகே கொத்தை நீட்டினாள். தங்கை வாங்கிப் பார்த்தாள். அவர்கள் கடையில் வெள்ளைச் சாமந்தி மலர்வளையத்துக்கு மட்டுமே போகும்.

"நேத்து வாயால சொன்ன. இன்னிக்குக் கையிலயே கொண்டு வந்துட்டியா?"

"அடியே, அது இல்லடி..."

ரயில் நகர்ந்துவிட்டது. தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடையில் அன்று ரோஜாவும் இருந்தது. ஆனால் அந்த வெயிலில் ரோஜா மதியத்துக்குள் தலை தொங்கிவிடும். சாமந்திதான் போய்ச் சேரும்வரை தாங்கும். கடைக்காரி புத்தி அப்படித்தான் ஓடியது. மலர்வளையம் அவள் நினைப்பிலேயே வரவில்லை.

இதைச் சொல்லிவிடலாமே என்றால், அங்கேதான் சிக்கல். பூவுக்கு அர்த்தம் சொல்வதில் அவள் பேர் போனவள். சிவப்பு காதல், மஞ்சள் நட்பு, வெள்ளை ரோஜா மன்னிப்பு என்று அடித்துவிடுவாள். ஒருமுறை எதிர்க்கடைத் தையல்காரர் மடக்கினார்: "ஏம்மா, நேத்து மஞ்சள்னா நட்புன்ன, இன்னிக்குக் காதல்ங்கற?"

"நேத்து சிவப்பு இருந்துச்சு அண்ணே. இன்னிக்குத் தீர்ந்துடுச்சு."

அப்போது பக்கத்தில் நின்று வயிறு வலிக்கச் சிரித்தவள் தங்கைதான். இப்போது எந்த விளக்கமும் அவள் காதில் எப்படி ஏறும்? இருந்தாலும் அக்கா போனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"இதுவும் சரக்குக்குத் தகுந்த அர்த்தமாக்கா?" என்றாள் தங்கை.

பிறகு அழைப்புகள் குறைந்தன, நின்றும் போயின.

அக்கா கடையை விடவில்லை. அர்த்தம் சொல்வதைத்தான் விட்டாள். யாராவது கேட்டால், "எனக்கென்னங்க தெரியும்? காலைல வந்த பூ, அவ்வளவுதான்," என்பாள்.

"வாய்க்குப் பூட்டுப் போட்டாச்சு போல," என்று தையல்காரர் சீண்டிப் பார்த்தார். அவள் காம்பு வெட்டுவதை நிறுத்தவில்லை. சாமந்தி வாளியை மட்டும் கண்ணில் படாத மூலைக்குத் தள்ளி வைத்திருந்தாள்.

வருடங்கள் ஓடின. ஒரு மதியம் அந்த வாளிக்குத் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் சிணுங்கியது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள். தங்கையின் மெசேஜ்.

"அக்கா, என்கூட வேலை பார்க்கற பொண்ணு மாற்றலாகிப் போறா. ரோஜா வாங்கப் போனேன். பூக்கடைக்காரர் எவ்வளவு தூரம்னு கேட்டார். சொன்னதும் ரோஜாவை உள்ள வெச்சுட்டு, வெள்ளைச் சாமந்திய எடுத்து, காம்புல ஈரப் பஞ்சு சுத்திக் குடுத்தார். அங்கயே நின்னு அழுதுட்டேன். உன் பூவை அன்னிக்குத் தூக்கிப் போடத்தான் பார்த்தேன், மனசு வரல. ரூம்ல ரொம்ப நாள் வாடாம என்னை முறைச்சுக்கிட்டே இருந்துச்சு. லீவு போட்டிருக்கேன், வர்றேன். கையில சாமந்தியோட வந்து நின்னா திட்டாத."