போனில் மட்டும் நடந்தவர்

சாம்ராஜ் தன் வலது காலுக்கு 'மாப்பிள்ளை' என்று பெயர் வைத்திருந்தார். அது ஒரு வேலையும் செய்யாது. எங்கே போனாலும் கூடவே இழுத்துக்கொண்டு போக வேண்டும். கொஞ்சம் குளிர் அடித்தால் கோபித்துக்கொள்ளும். தலையணை போட்டுத் தூக்கி வைத்தால்தான் சமாதானம் ஆகும். "பொண்ணு பெக்காமலே வூட்டோட மாப்பிள்ளை வச்சிக்கினு கீறவன் கே.ஜி.எஃப்.ல நான் ஒருத்தன்தான்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லுவார். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அந்தச் சிரிப்போடு பேச்சு முடிந்துவிடும் என்பதுதான் அதிலிருந்த வசதி.

கோலார் தங்கவயலின் ஆண்டர்சன்பேட்டையில் குடியிருந்த அவர், பெரிய தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்துகொடுக்கும் ஒரு தனியார் பட்டறையில் வேலை பார்த்தார். கிரேனுக்குக் கீழே நின்று தூக்கு, இறக்கு, நிறுத்து என்று கையால் சைகை காட்டும் வேலை. தொண்ணூற்றாறாம் வருடத்து மழைக்காலத்தில் ஒருநாள் சங்கிலி நழுவி, தொங்கிக்கொண்டிருந்த இரும்புத் தகடு அவர் இடுப்பிலும் தொடையிலும் மோதியது. "நான் கரெக்டா 'நிறுத்து'ன்னுதான் கை காட்னேன். பிளேட்டுக்குக் கன்னடம்தான் தெரியும்போல" என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபடியே சொன்னார். தொடைக்குள் கம்பி வைத்தார்கள். இடுப்பு கோணலாகக் கூடிப்போயிற்று. முழங்கையில் மாட்டும் ஊன்றுகோல் ஒன்றைக் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டறை முதலாளி சில மாதம் பாதிச் சம்பளம் கொடுத்தார், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டார். மனைவி ஈவ்லின் ஒரு சர்ச் பள்ளிக்கூடத்தில் ஆயா வேலை பார்த்ததால் அடுப்பு எரிந்தது.

பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் சேர்த்து ஓர் இன்சூரன்ஸ் எடுத்திருந்தார்கள். வேலை செய்ய முடியாமல் போனவருக்கு மாதாமாதம் உதவித்தொகை உண்டு. ஈவ்லின்தான் அதைக் கண்டுபிடித்து விண்ணப்பம் போட்டாள். கோலார் டாக்டரின் சர்டிபிகேட்டும் போனது. கொஞ்ச நாள் கழித்துப் பெங்களூர் அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. நேரில் ஆள் அனுப்ப வசதியில்லை, அதிகாரி ஒருவர் போனில் சில கேள்விகள் கேட்பார், நம்பர் தரவும். இவர்கள் வீட்டில் போன் ஏது? இரண்டு வீடு தள்ளியிருந்த பார்வதம்மாவின் நம்பரைக் கொடுத்தார்கள்.

போன் வருவதாக இருந்த நாளில் சாம்ராஜ் தேய்த்த சட்டை கேட்டார்.

"போன்ல சட்டை தெரியுமா இன்னா?" என்றாள் ஈவ்லின், பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டே.

"சட்டை தெரியாது. தேய்ச்ச சட்டை போட்டவன் குரலு தனியாத் தெரியும்."

பார்வதம்மா வீட்டில் டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ரத்தினம்மா முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். பட்டறையில் கூட வேலை பார்த்த சகாயம், என்ன நடக்கிறது என்று பார்க்கவே வந்து உட்கார்ந்திருந்தான். ஆக, சபை கூடியிருந்தது. சபை கூடிவிட்டால் சாம்ராஜுக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும்.

மணி அடித்தது. ஒரு பெண் குரல். பெங்களூர்த் தமிழ், இனிமையான குரல்.

"சாம்ராஜ் அவங்களா? நான் சுனிதா பேசறேன், இன்சூரன்ஸ் ஆபீஸ்லருந்து. எப்படி இருக்கீங்க?"

"கர்த்தர் கிருபையில ஃபர்ஸ்ட் கிளாஸா கீறேன் மேடம். நீங்க நல்லா கீறீங்களா?"

"நல்லா இருக்கேன். உங்களால நடக்க முடியுதா?"

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்டீங்க? நேத்துகூட ராபர்ட்சன்பேட்டை மார்க்கெட்டுக்குப் போயி வந்தேன்."

போய் வந்தது உண்மை. ஆட்டோவில் போய், வெங்காயக் கடையில் ஒரு மூட்டைமேல் உட்கார்ந்து, கடைக்காரரே கொண்டுவந்து கொடுத்த காய்களை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் திரும்பியதும், ராத்திரி முழுக்கத் தூங்காததும் கேள்வியில் இல்லை. அவராகச் சொல்லவும் இல்லை.

"படி ஏறுவீங்களா?"

"ஏறுவேன்."

பார்வதம்மா வீட்டு வாசல்படிகளைச் சற்றுமுன் அவர் ஏறிய விதத்தைத் தெருவே பார்த்திருந்தது. படிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, நடக்கத் தெரியாத குழந்தை மாதிரி ஒவ்வொரு படியாகப் பின்பக்கமாகவே ஏறினார். ஊன்றுகோலை ரத்தினம்மா பிடித்துக்கொண்டாள்.

"வெயிட் தூக்குவீங்களா?"

"இரும்போட பொழங்கின கை மேடம் இது."

"குளிக்கறது, டிரெஸ் பண்றது எல்லாம்?"

"எல்லாம் நம்மளேதான்."

"வலி இருக்கா?"

"அது கீது ஒரு பக்கம். நம்மள இன்னா பண்ணும்?"

போனை வைத்ததும் ரத்தினம்மா, "எவ்ளோ தைரியமாப் பேசினீங்கண்ணா!" என்றாள். சாம்ராஜ் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார். வேலைக்கு இன்டர்வியூ போய் ஜெயித்துவிட்டு வந்தவனைப் போல இருந்தது அவருக்கு. வேலை செய்ய முடியாது என்று நிரூபிக்கும் இன்டர்வியூ அது என்பது, பெங்களூரிலிருந்து அடுத்த கடிதம் வந்தபோதுதான் உறைத்தது. அவர் நல்ல உடல்நலத்தோடு இருப்பதை அறிந்து மகிழ்ச்சி என்றும், ஆகவே உதவித்தொகைக்கு இடமில்லை என்றும் அதில் மரியாதையாக எழுதியிருந்தார்கள்.

ஈவ்லின் அதை இரண்டு தடவை படித்தாள். ரத்தினம்மாவிடம் போய் விசாரித்துவிட்டு வந்தாள்.

"வூட்ல கட்டில்லருந்து எறங்க என் தோள் வேணும். போன்ல மட்டும் மார்க்கெட்டுக்கு நடந்து போறீங்களா? அப்ப இனிமே போன்லயே குடித்தனம் பண்ணுங்க."

அவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல வாயெடுத்தார். அவள் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் துலக்கினாள், துலக்கிய பாத்திரத்தையே மறுபடி துலக்கினாள்.

ஏன் அப்படிப் பேசினோம் என்று சாம்ராஜ் யோசித்துப் பார்த்தார். அப்பா காய்ச்சலோடும் தங்கச் சுரங்க ஷாஃப்டுக்குள் இறங்கியவர், முடியாது என்று சொல்லத் தெரியாத வம்சம் என்றெல்லாம் பெரிய காரணங்கள் கிடைத்தன. அவற்றை நினைக்கும்போது நெஞ்சு கொஞ்சம் விம்மவும் செய்தது. ஆனால் நிஜக் காரணம் சின்னது, அவருக்கே தெரியும். அந்த மேடத்தின் குரல் நன்றாக இருந்தது. அவ்வளவு நல்ல குரலிடம், எனக்கு என் பெண்டாட்டிதான் ஜட்டி மாட்டிவிடுகிறாள் என்று எந்த ஆம்பளை சொல்லுவான்?

ஈவ்லின் விடவில்லை. மறுபரிசீலனை கேட்டு எழுதிப் போட்டாள். இன்னொரு தடவை போனில் பேசலாம் என்று பதில் வந்தது. உடனே சகாயம் பயிற்சி கொடுக்க வந்துவிட்டான்.

"இத பாருண்ணா, படுத்த படுக்கைன்னு சொல்லணும். நடுவுல நடுவுல முனகணும். எங்க, முனகு பாக்கலாம்."

சாம்ராஜ் முனகினார்.

"இன்னாண்ணா, கீர்த்தனை ஆரம்பிக்கற மாதிரி கீது? வலி வரணும், ராகம் வரக்கூடாது."

மறுபடி முனகினார். வாசலில் போன ரத்தினம்மா எட்டிப் பார்த்து, பூனை ஏதாவது மாட்டிக்கொண்டதா என்று கேட்டாள். சாம்ராஜுக்கு ஒரு விஷயம் அப்போது விளங்கியது. நிஜ வலியில் அவர் சத்தமே போட்டதில்லை. அதனால் பொய் வலிக்கு எந்தச் சத்தம் போடுவதென்று அவருக்குத் தெரியவில்லை.

சகாயம் போனபிறகு ஈவ்லின் சொன்னாள்: "பொய்யும் வேணாம், பெருமையும் வேணாம். நாளைக்குக் காலையில நீங்க எழுந்திரிக்கறதுலருந்து நான் சொல்லிக்கினே வரேன். கிரிக்கெட்டுக்கு ரேடியோவுல சொல்வாங்களே, அந்த மாதிரி. நீங்க வாயைத் தொறக்காம கேட்டுக்கினு இருங்க."

மறுநாள் காலை நேர்முக வர்ணனை ஆரம்பமாயிற்று.

"சாம்ராஜ் கண் முழிச்சிட்டார். மேல பாத்துக்கினு கீறார். பொரளப் பாக்கறார்... பொரளல. கட்டில் சட்டத்தைப் புடிக்கறார். ஈவ்லினோட தோளைப் புடிக்கறார். எழுந்துட்டார்... இல்ல, உக்காந்துட்டார். மறுபடி எழுந்திரிக்கறார்..."

சாம்ராஜுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. தன்னைப் பற்றி இவ்வளவு நல்ல நிகழ்ச்சி எந்த ஸ்டேஷனிலும் வந்ததில்லை என்றார். குளியலறையில் பழைய பெயிண்ட் டப்பாமேல் அவரை உட்காரவைத்து அவள் தண்ணீர் ஊற்றியபோதும் வர்ணனை ஓடியது. பேண்ட் போடும் கட்டத்தில்தான் நின்றது. ஈவ்லின் தரையில் மண்டி போட்டு, மடங்காத காலைத் தன் தொடைமேல் தூக்கிவைத்து, பேண்டுக்குள் நுழைத்துக்கொண்டிருந்தாள். மூச்சு வாங்கியது. பேச முடியவில்லை. சாம்ராஜ் குனிந்து பார்த்தார். அவள் தலை உச்சியில் வகிடெல்லாம் நரைத்திருந்தது. தினமும் இதே இடத்திலிருந்துதான் பார்க்கிறார். தினமும் ஏதாவது ஜோக் அடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பார்.

"அப்புறம்?" என்றார் மெதுவாக.

"அப்புறம் இன்னா அப்புறம்? மூச்சு வுடறேன், இருங்க" என்றாள்.

போன் வருவதாகச் சொன்ன நாளுக்கு முந்தின நாளே வந்துவிட்டது. ஈவ்லின் பள்ளிக்கூடத்தில் இருந்தாள். தெருவிலிருந்து பார்வதம்மா கூப்பிட்டாள்: "சாம்ராஜண்ணா! பெங்களூர் போன்! பேக பாங்க, சீக்கிரம்!" அவசரம் வந்தால் அவளுக்குக் கன்னடமும் தமிழும் ஒன்றாகக் கலந்துவிடும். சாம்ராஜ் லுங்கியோடு கிளம்பினார். பாதி வழியில் மாப்பிள்ளை மறுத்துவிட்டது. ரத்தினம்மா வீட்டுத் துவைக்கிற கல்லில் உட்கார்ந்தார். உள்ளே பார்வதம்மா போனில், "பர்தாரே, பர்தாரே மேடம், வந்துக்கினே கீறார்" என்று சொல்லிக்கொண்டிருந்தது தெருவரைக்கும் கேட்டது. லைன் கட்டாகி, மறுபடி மணி அடித்தது. கடைசியில் பின்பக்கமாகவே படியேறி, ரிசீவரைக் காதில் வைத்தபோது பதற்றத்தில் அவருக்கு நினைவுக்கு வந்தது சகாயத்தின் பாடம்தான்.

"ஆ... அம்மா..."

"ஹலோ? யாரு அது? அங்க யாருக்காவது உடம்பு சரியில்லையா?"

"நான்தான் மேடம், சாம்ராஜ்."

"ஓ. போன தடவை ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கேன்னீங்க."

சாம்ராஜுக்குக் காது சுட்டது. முனகலை எப்படிப் பாதியில் நிறுத்துவது என்று தெரியாமல் அதை இருமலாக மாற்றிப் பார்த்தார்.

"சரி, இருக்கட்டும்" என்றது குரல். "நீங்க போனுக்கு வர இவ்ளோ நேரம் ஆச்சே, வீடு ரொம்பத் தூரமா?"

"இல்ல மேடம். ரெண்டு வீடு தள்ளி."

பார்வதம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். எழுந்து போய் டி.வி.யை அணைத்தாள். கதவோரம் நின்ற ரத்தினம்மாவின் கையைப் பிடித்து, "சும்னே ஏன் நிக்கறே? வா, பின்னாடி முருங்கைக்காய் பறிக்கலாம்" என்று இழுத்துக்கொண்டு போனாள். அந்த வீட்டுப் பின்பக்கம் முருங்கை மரமே கிடையாது.

சபை கலைந்துவிட்டது. கேட்பதற்கு அந்த ஒரு குரல்தான் பாக்கி.

"அந்த ரெண்டு வீட்டுக்கே நடுவுல ஒரு தடவை உக்காந்து வந்தேன் மேடம்" என்றார் சாம்ராஜ். "படியை உக்காந்துக்கினே பின்னாலதான் ஏறினேன். அன்னிக்கும் அப்டித்தான் ஏறினேன். உங்ககிட்ட ஏறுவேன்னு மட்டும் சொன்னேன்."

"மார்க்கெட்?"

"ஆட்டோ. அன்னிக்கு ராத்திரி முழுக்கத் தூங்கல."

"டிரெஸ்?"

ரிசீவரை மறு காதுக்கு மாற்றினார். "என் சம்சாரம்தான் மாட்டிவுடறா. ஜட்டியிலருந்து."

சொல்லிவிட்டார். வீடு இடிந்து விழவில்லை. அந்தக் குரல், "சரி, குளிக்கறது?" என்று சாதாரணமாக அடுத்ததைக் கேட்டது. அதன்பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. குளிப்பது, கழிவறை, ராத்திரி புரள முடியாதது, ஒரு கையில் ஊன்றுகோல் இருப்பதால் டீ டம்ளரைக்கூட ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்குக் கொண்டுபோக முடியாதது எல்லாம் வந்தது. சர்ச்சில் நற்கருணைக்கு மண்டியிட முடியாமல் பெஞ்சிலேயே உட்கார்ந்திருப்பதையும், போதகர் ஐயர் தேடி வந்து அப்பம் கொடுக்கும்போது 'எனக்கு மட்டும் ஹோம் டெலிவரி' என்று பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லிச் சிரிப்பதையும், வீட்டுக்கு வந்தபின் சிரிக்காததையும் சொன்னார்.

"சார், சார், மெதுவா. எழுதிக்கிட்டிருக்கேன்" என்றாள் சுனிதா. ஒரு கட்டத்தில், "காலுக்குப் பேரா?" என்று அவள் சிரித்தேவிட்டாள். பிறகு, "இதையெல்லாம் மொத தடவையே சொல்லியிருக்கலாமே சார்" என்றாள்.

"மொத தடவை தேய்ச்ச சட்டை போட்டிருந்தேன் மேடம்."

அவளுக்கு அது புரிந்திருக்காது. ஆனால் கேட்கவில்லை.

உதவித்தொகை வந்தது. ஈவ்லின் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. ஒரு வருடம் கழித்து மறுபடி போனில் கேள்வி கேட்போம் என்று எச்சரிக்கையும் சேர்ந்து வந்தது. இடையில் சாம்ராஜுக்கு ஒரு புது வியாதி பிடித்துக்கொண்டது. உண்மை சொல்லும் வியாதி. வழியில் யாராவது மரியாதைக்கு "எப்படி கீறீங்கண்ணா?" என்று கேட்டுவிட்டால், கேட்டவர் தொலைந்தார். இடுப்பில் ஆரம்பித்துப் பாதம் வரைக்கும் சொல்லி முடிக்காமல் விடமாட்டார். சகாயம் அவரைக் கண்டால் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு வேறு சந்து வழியாகப் போனான். ஐயர்கூட ஞாயிற்றுக்கிழமை கைகுலுக்கும்போது கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டு, "ஸ்தோத்திரம்" என்று மட்டும் சொல்லி நகர்ந்தார். நல்லா இருக்கேன் என்ற பொய்யை ஊர் ஏன் கண்டுபிடித்தது என்று அப்போதுதான் புரிந்தது என்றார் சாம்ராஜ். அது சொல்கிறவனுக்காக அல்ல, கேட்கிறவனைக் காப்பாற்றத்தான்.

வந்த பணத்தில் ஈவ்லின் முதலில் செய்தது, ஆசாரி ஏனோக்கைக் கூப்பிட்டுக் குளியலறைக்கு ஒரு நாற்காலி செய்யச் சொன்னது. உயரமான கால்கள், இரண்டு பக்கமும் கைப்பிடி, தண்ணீர் வடிய உட்காரும் பலகையில் இடைவெளி. சுவரில் ஓர் இரும்புக் கம்பியும் பதித்தான். ஒரு சனிக்கிழமை காலை சாம்ராஜ் உள்ளே போனார். ஈவ்லின் கூட வரப்போனாள்.

"வேணாம். நானே பாக்கறேன்."

"மறுபடி பெருமையா?"

"இல்ல ஈவ்லின். பாக்கறேன். முடியலன்னா கூப்புடறேன்."

கதவைச் சாத்தினாலும் தாழ் போடவில்லை. அவள் வெளியே நின்றாள். தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. கம்பியைப் பிடிக்கும் சத்தம், நாற்காலி ஒருமுறை கிரீச்சிட்டது, அவள் கதவில் கை வைத்தாள், உள்ளே மறுபடி தண்ணீர்ச் சத்தம். அப்புறம் அவர் பாட ஆரம்பித்தார். பாட்டு முடிந்தது, இன்னொன்று ஆரம்பித்தது. முருங்கைக்காய் வேக வைத்து இறக்கும் நேரம் ஆயிற்று, அவர் வரவில்லை.

"இன்னாங்க, எதனா ஆச்சா?"

"ஒண்ணும் ஆவல. முதுகுகூட நானே தேய்ச்சிட்டேன்."

"அப்ப வெளிய வாங்களேன்."



"ஈவ்லின், தொட்டில எவ்ளோ தண்ணி வச்சிருந்தே?"

"ரொம்ப வச்சிருந்தேன். இனி கொழாயில தண்ணி செவ்வாய்க்கிழமைதான், அது வரைக்கும் வரணும். ஏன்?"

உள்ளேயிருந்து, சொம்பு காலித் தொட்டியின் சிமெண்ட் அடியைச் சுரண்டும் சத்தம் மட்டும் வந்தது.