எடுக்காமல் விட்ட ஒரு சிரிப்பு: பெரம்பலூர், அரியலூர் வழியாக

போன ஆவணியில் ஒரு வெள்ளிக்கிழமை, பிணமாகப் படுத்து எழுந்து சிரிப்பதற்காக அரியலூர் பக்கம் போய் வந்தேன். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. கோயில், ஏரி என்று வழக்கமாக எழுதுகிறவன்தான். இந்த முறை காரணம் இதுதான், வேறு எப்படிச் சொல்வது?

பழைய வாசகர்களுக்கே தெரியாத விஷயம் ஒன்று. சின்ன வயதில் நான் சினிமாவில் நடித்தேன். என் பெயருக்கு முன்னால் ‘மாஸ்டர்’ என்று போடுவார்கள். இப்போது நாற்பத்தொன்று, தலையில் முடி இல்லை, மாஸ்டராவது மண்ணாங்கட்டியாவது. ஒன்பது வயதில், கீழப்பழுவூரைத் தாண்டி ஒரு கிராமத்தில், ஒரு ஓட்டு வீட்டு வாசலில், பாம்பு கடித்துச் செத்த பையனாக நடித்தேன். அந்தப் படம் வெளியே வரவேயில்லை. தேடாதீர்கள்.

சினிமாவில் ஒரு வழக்கம் உண்டு. பிணமாக நடித்தவர் ஷாட் முடிந்ததும் எழுந்து உட்கார்ந்து, கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் சில நொடி படம் பிடிப்பார்கள். இல்லாவிட்டால் ஆகாது என்பது நம்பிக்கை. என் விஷயத்தில் அந்தச் சிரிப்பை எடுக்கவில்லை. வெளிச்சம் போகிறதென்று உதவி டைரக்டர் அவசரமாகப் பேக்கப் சொல்லிவிட்டான், மறுநாள் யூனிட் பாடாலூருக்குப் போய்விட்டது, அதோடு சரி. இது அம்மா சொல்லும் கதை. அடுத்த வருஷம் அப்பா விபத்தில் போனார். எனக்கு வாய்ப்புகள் நின்றன. பிற்பாடு என் கல்யாணம் முறிந்தது. எல்லாவற்றுக்கும் அந்தச் சிரிப்புதான் காரணம் என்பாள்.

ஆவணியில் அம்மாவுக்கு இதயத்தில் மூன்று அடைப்பு என்றார்கள். பைபாஸ் செய்தாக வேண்டும், தள்ளிப்போடாதீர்கள் என்றார் டாக்டர். அம்மா கையெழுத்துப் போட மறுத்துவிட்டாள். “அந்த வாசல்ல படுத்து எழுந்து சிரிச்சிட்டு வா. அப்பறம் எங்க வேணா கையெழுத்துப் போடறேன்.” கெஞ்சினேன், கத்தினேன், டாக்டரை விட்டும் பேச வைத்தேன். அசையவில்லை. சரி, போய்த் தொலைகிறேன் என்று கிளம்பினேன்.

ரயிலில் இடம் கிடைக்கவில்லை. கிளாம்பாக்கத்தில் காலை 5.30க்கு அரசு பஸ், டிக்கெட் 275 ரூபாய். பெரம்பலூரில் இறங்கும்போது மணி 10.20. அன்றைக்கு யூனிட் தங்கிய லாட்ஜ் பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருந்தது. இப்போது அந்த இடத்தில் ஜவுளிக்கடை. வெளியே நின்று பார்த்தேன். அந்த லாட்ஜை நினைத்தாலே முகத்தில் தண்ணீர் விழுகிற மாதிரி இருக்கும். விடியற்காலை நாலு மணிக்கு அம்மா தண்ணீர் தெளித்துத்தான் எழுப்புவாள். கண்ணைத் திறப்பதற்குள் “டயலாக் சொல்லு” என்பாள். அழுகிற சீன் என்றால் தொடையில் கிள்ளு. தூக்கம் என்பது மற்ற பிள்ளைகளுக்கு உள்ள விஷயம் என்று நினைத்து வளர்ந்தவன் நான். அந்தக் கோபம் நாற்பது தாண்டியும் போகவில்லை.

பெரம்பலூரிலிருந்து அரியலூர் 30 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். வழியெல்லாம் சிமெண்ட் லாரிகள். ரோட்டோரச் செடிகளின் பச்சை தெரியவில்லை, அத்தனை தூசி. ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தால் வாயில் சுண்ணாம்பு கரகரக்கும். அரியலூரில் சாப்பாடு 90 ரூபாய், ரசம் மட்டும் நன்றாக இருந்தது. பிறகு கீழப்பழுவூர், 12 கிலோமீட்டர். அங்கே சோழர் காலத்துக் கோயில் இருக்கிறது. கல்வெட்டு பார்க்கிறவர்கள் அரை நாள் ஒதுக்குங்கள். நான் போனபோது நடை சாத்தியிருந்தது. திறந்திருந்தாலும் உள்ளே போகிற மனநிலை இல்லை.

அங்கிருந்து கிராமம் ஆறு கிலோமீட்டர். ஆட்டோவுக்குப் போக, வர, காத்திருக்க 500 ரூபாய். ஓட்டியவர் செந்தில், முப்பது வயது இருக்கும். எதற்குப் போகிறேன் என்று சொன்னதும் வண்டியை ஓரம் கட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

“நெசமாவா சார்?”

“நெசமாத்தான். நீங்கதான் போன்ல வீடியோ எடுக்கணும்.”

“எடுத்துடலாம் சார். அம்மாவுக்காகத்தான, அதுல என்ன” என்றார். நல்ல மனுஷன்.

வீடு அப்படியே இருந்தது. ஓடு பாதி சரிந்து, கதவில் பூட்டு. வீட்டுக்காரர்கள் திருப்பூர் போய்ப் பல வருஷமாம். வாசலில் துண்டை விரித்துப் படுத்தேன். வெயிலில் முதுகு பொரிந்தது. செந்தில் “ஆக்‌ஷன்” என்று வேறு சொன்னார். எழுந்து சிரித்தேன். மறுபடி, மறுபடி. போனைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

“சார், கோச்சிக்காதீங்க. சிரிக்கிற மாரியே இல்ல. இருமுற மாரி இருக்கு.”

இன்னொரு தடவை படுத்தபோது எதிர்வீட்டிலிருந்து ஒரு குரல் வெடித்தது. “யாருய்யா அது? வெள்ளிக்கெழம அதுவுமா வூட்டு வாசல்ல பொணமாட்டம் கெடக்குற? புத்தி கித்தி கெட்டுப் போச்சா?”

அறுபதை நெருங்கும் அம்மாள், கையில் விளக்கமாறு. எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டே, முப்பத்தி ரெண்டு வருஷத்துக்கு முன்னால் நடந்த ஷூட்டிங், அம்மா, ஆபரேஷன் எல்லாவற்றையும் உளறினேன். விளக்கமாறு கீழே இறங்கியது. என் முகத்தையே உற்றுப் பார்த்தார்.

“அடப்பாவி. நீதானா அந்தப் புள்ள? ஒன் தலமாட்டுல உக்காந்து அழுதது நாந்தான். எம் பேரு அஞ்சல. ஒப்பாரிக்கு நாலு பொம்பளைங்க வேணும்னு கூப்புட்டாங்க, வந்தேன். நீ நெசமாவே தூங்கிட்ட, மெதுவாக் கொறட்ட வேற. எனக்கு அழுவுறதா சிரிக்கிறதான்னு ஆயிடுச்சு.”

“தூங்கிட்டேனா? அவங்க அவசரமா பேக்கப் பண்ணிட்டாங்கன்னுல்ல அம்மா சொல்லும்?”

“யாரு சொன்னா? கேமராக்காரரு அப்படியேதான் நின்னாரு. பையன எழுப்புங்க, ஒரு சிரிப்பு எடுத்துட்டுப் போயிடலாம்னாரு. உங்கம்மாதான் ஓடியாந்து ஒன் மேல கைய வச்சு மறச்சிக்கிட்டாங்க. ‘ரெண்டு நாளாத் தூங்கல சார் எம்புள்ள, சாமி பாத்துக்கும், எழுப்பாதீங்க’ன்னு கையெடுத்துக் கும்புட்டாங்க. அவரு எவ்வளவோ சொன்னாரு, கேக்கல. ஒன்னத் தோள்ல போட்டுக்கிட்டுப் போயி வேன்ல ஏறுனாங்க. பவுடரெல்லாம் அந்தம்மா பொடவைல அப்பிக்கிச்சு. இன்னும் கண்ணுல நிக்குது.”

என் நினைவில் அம்மா இரக்கப்பட்ட நாள் என்று ஒன்றுகூடக் கிடையாது. இருந்திருக்கிறது. அந்த ஒரு நாளைத்தான் வாழ்க்கை முழுக்கக் குற்றமாக நினைத்துப் பொத்தி வைத்திருக்கிறாள். உதவி டைரக்டர் மேல் பழி போட்டாளே தவிர, ஒரு தடவைகூட அவளால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. நானோ அவளுக்கு மூடநம்பிக்கை என்று டாக்டரிடம் சொல்லிச் சிரித்தவன்.

தெருமுனைக்குப் போனால்தான் சிக்னல். அம்மாவைக் கூப்பிட்டேன்.

“சிரிச்சியாடா?”

“இல்லம்மா. அஞ்சலைன்னு ஒரு அக்காவப் பாத்தேன். அன்னைக்கு என் தலமாட்டுல இருந்தவங்க.”

அந்தப் பக்கம் ஓடிக்கொண்டிருந்த டி.வி.யை அம்மா நிறுத்துவது கேட்டது.

“சொல்லிட்டாளா?”

“சொல்லிட்டாங்க.”

“எழுப்பியிருக்கணும்டா. கன்னத்துல ஒரு தட்டு தட்டியிருந்தா முடிஞ்சிருக்கும். உங்கப்பா இருந்திருப்பாரு. உனக்குக் குடும்பம்னு ஒண்ணு இருந்திருக்கும். பாழாப்போன மனசு கேக்கல.”

“அம்மா, என்னைத் தூங்க விட்டது அன்னைக்கு ஒரு நாள்தாம்மா. அதுக்குப் போயி...” நடுரோட்டில் நின்று தேம்பித் தேம்பி அழுதேன். செந்தில் ஆட்டோவைத் துடைக்கிற மாதிரி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அழாத. வெயில்ல நிக்காத” என்றாள் அம்மா. கொஞ்சம் பொறுத்து, “ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணு. திங்கக்கெழம வந்து கையெழுத்துப் போடறேன்னு சொல்லு” என்றாள். அவள் குரல் அத்தனை லேசாக இருந்து நான் கேட்டதே இல்லை.

ஆட்டோ ஏறும்போது அஞ்சலை அக்கா ஓடி வந்தார். “தம்பி, ஆப்பரேசன் ஆனதும் எப்படி இருக்காங்கன்னு ஒரு வார்த்த சொல்லி வுடு. நான் வாய மூடிக்கிட்டு இருந்திருக்கலாமோன்னு பதக்குபதக்குங்குது.” சொல்கிறேன் என்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: சென்னையிலிருந்து திருச்சி போகும் பகல் ரயில்கள் பல அரியலூரில் நிற்கும், முன்பதிவு செய்துவிட்டால் பஸ்ஸைவிடச் சுகம். கோயில் பார்க்கக் காலையிலேயே போய்விடுங்கள், மதியம் நாலு மணி வரை நடை திறக்காது. பைக்கில் போகிறவர்கள் லாரிகளின் பின்னால் ஒட்டிப் போகாதீர்கள். தண்ணீர் பாட்டிலும் மூக்கை மூட ஒரு கைக்குட்டையும் அவசியம். எனக்கு மொத்தச் செலவு 1,400 ரூபாய்க்குள் முடிந்தது.

அம்மா சொன்னபடி கையெழுத்துப் போட்டாள். ஆபரேஷன் ஐந்து மணி நேரமாவது ஆகும் என்றார்கள். மூன்றாவது மணி நேரத்திலேயே டாக்டர் வெளியே வந்துவிட்டார். இதயம் தாங்கவில்லை என்றார். யார் மேலும் தப்பில்லை, முடிந்ததைச் செய்தார்கள். ஆனால் நான் அந்த ஊருக்குப் போகாமலிருந்தால் அவள் கையெழுத்தே போட்டிருக்க மாட்டாள். இன்னும் ஆறு மாசமோ ஒரு வருஷமோ என்னைத் திட்டிக்கொண்டு வீட்டில் இருந்திருப்பாள். எல்லாரும் நல்லதுக்குத்தான் செய்தாய் என்கிறார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்தும் தூக்கம் வரமாட்டேன் என்கிறது. இத்தனை வருஷம் அம்மா எதைச் சுமந்தாள் என்று இப்போதுதான் புரிகிறது.

அஞ்சலை அக்காவிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால், தான் வாயைத் திறந்ததால்தான் என்று அவரும் ஆரம்பித்துவிடுவார். அதனால் ஒரு உதவி கேட்கிறேன். கீழப்பழுவூரைத் தாண்டி அந்தப் பக்கம் போகிறவர்கள் யாராவது, விளக்கமாறும் கையுமாக ஒரு அம்மாள் வந்து, “சென்னையா? அந்த சினிமாப் பையனோட அம்மா எப்படி இருக்காங்க?” என்று கேட்டால், நன்றாக இருக்கிறார்கள் என்று சொல்லிவிடுங்கள்.