கடல் தெரியாத வியூ பாயின்ட்

சென்ற வாரம் ஒரு நாள் காலை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பால் பொங்கி வழிந்தது தனிக் கதை. 'நம் நாட்டில் சாவதற்குள் பார்த்தே தீர வேண்டிய அழகான இடங்கள்' என்று ஒரு பக்கம் வந்து விழுந்தது. இந்த மாதிரி எழுதுகிறவர்களுக்கு நம் சாவின் மேல் ஏன் இத்தனை அக்கறை என்று தெரியவில்லை... ஆனாலும் நான் ஒன்று விடாமல் படிப்பேன்.

உங்களுக்குத்தான் என்னைத் தெரியுமே! ஒரு இடத்தில் உட்கார எனக்கு வராது. பாறசாலை ஸ்டேஷனில் நிற்காமல் போகிற ரயிலைப் பார்த்தால்கூட, அதில் நான் இல்லையே என்று எரிச்சல் வரும். "உனக்கு காலுல சக்கரம் கெட்டி விட்டிருக்காவ" என்பார் என் கணவர். சக்கரம் இருந்து என்ன பிரயோஜனம்? ஸ்பிட்டி போகவில்லை. மேகாலயாவில் வேர்ப்பாலம் பார்க்கவில்லை. குல்மார்க்கில் பனி... சரி, விடுங்கள். போன இடங்கள் எல்லாம் மறந்துவிடுகின்றன. போகாத இடங்கள்தான் உட்கார விடுவதில்லை.

பக்கத்தை விரலால் தள்ளிக்கொண்டே போனேன். ஏரி, பனிமலை, பாலைவனம், தேயிலைத் தோட்டம் — திடீரென்று ஒரு கடற்கரை. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கடல், நடுவே மணல் திட்டு. ட்ரோன் வைத்து மேலிருந்து எடுத்த படம். எங்கோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று பெரிதாக்கினால்... கேரளத்தின் தென்கோடியில் இருக்கிற நம்ம பொழியூர். ஓரத்தில் ஒரு நீலத் தகரக் கூரை. கொடியில் துணி காய்கிறது.

அது ஸ்டெல்லாவின் வீடு.

ஸ்டெல்லா என் பள்ளித் தோழி. பாறசாலையில் தமிழ் வகுப்பில் ஒரே பெஞ்சில் இருந்து படித்தோம். அவள் வீட்டுக்காரர் மரியதாசன் படகில் மீன்பிடிக்கப் போகிறவர். போனால் வாரக்கணக்கில் கடலில்தான். ஒரே மகள் பெங்களூரில் நர்ஸ். ஆக, வீட்டில் ஸ்டெல்லாவும் எதிரே கடலும் மட்டும்தான்.

படத்தை அவளுக்கு அனுப்பி, 'உன் வீடு இந்தியாவின் அழகான இடங்களில் சேர்ந்தாச்சு' என்று எழுதினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். வாய்ஸ் மெசேஜ் வந்தது.

"அது பழைய படமாக்கும் மக்கா. முன்னால நிக்கிய தெங்கு ரெண்டும் இப்ப இல்ல. கடல் எடுத்தாச்சு."

உடனே கூப்பிட்டேன். எப்படி இருக்கிறாய் என்றால், எல்லாம் உண்டு, ஒறக்கம்தான் இல்ல என்கிறாள். இது கள்ளக்கடல் காலம். காற்றும் இருக்காது, மழையும் இருக்காது. வெயில் பளிச்சென்று அடித்துக்கொண்டிருக்கும்போதே, எங்கோ தொலைவில் கிளம்பிய அலை சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குள் ஏறும். அதனால்தான் கள்ளன் என்று பெயர். எச்சரிக்கை போனில் வரும். ஆனால் போனை நம்பி அந்தக் கரையில் யாரும் தூங்குவதில்லை. காதை நம்பித்தான் தூங்குகிறார்கள்.

"சத்தம் சீரா கேட்டா பயமில்ல" என்றாள் ஸ்டெல்லா. "நிண்ணு போயி, பெறவு ஒண்ணாட்டு வந்துதுன்னா எழும்பிரணும். எழும்பி முதல்ல ஃபிரிட்ஜுக்க பிளக்கை ஊரி எடுக்கணும். அரிசிச் சாக்கக் கட்டிலுக்க மேல கேற்றணும். பெறவு கெட்டி வச்ச பையை எடுத்துட்டு ஓட்டம்தான்."

இப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு படுத்தால் தூக்கம் எங்கே வரும்?

இதற்கு நடுவே டூரிஸ்ட் தொந்தரவு வேறு. கல்யாண ஜோடி ஒன்று கேமராக்காரரோடு வந்து, "சேச்சி, ஈ துணியொந்நு மாற்றாமோ? வியூ மறையுந்நு" என்று கேட்டதாம். கொடியில் கிடந்த ஈரத் துணியை எல்லாம் இவள் எடுத்து மாற்றிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவளுக்கு வரவில்லை. "பாவம், நல்ல பிள்ளைகளாக்கும்" என்றாள்.

பேச்சை மாற்ற, எனக்குப் பிடித்த கேள்வியைக் கேட்டேன். "உனக்கு இந்தியாவுல எங்க போவணும்னு ஆசை?"

கொஞ்சம் யோசித்தாள். "கடல் சத்தம் கேக்காத ஒரு எடத்துல கெடந்து நல்லா ஒருக்கா ஒறங்கணும். அவ்வளவுதான்."

இது போதாதா எனக்கு? சக்கரம் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ஸ்பிட்டியில் கடல் கிடையாது, லடாக்கில் கிடையாது, நைனிடாலில் கிடையாது... ரயில், விமானம், கம்பளிச் சட்டை என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவள் பொறுமையாகக் கேட்டாள்.

"அங்க போயிட்டு வர ஒரு வாரம் ஆவுமா?"

"ஆகும்."

"நான் திரும்பி வரச்செல வீடு நிக்கணுமே மக்கா."

 நாட்டின் அழகான இடங்களில் ஒன்றில் குடியிருக்கிறாள். அதை விட்டு ஒரு வாரம் நகர முடியாது. காவல் இருக்கிறாள்.

அப்போதுதான் சரளா ஞாபகம் வந்தாள். அவளும் எங்கள் கூடப் படித்தவள்தான். கட்டிக்கொண்டு போனது ஒற்றசேகரமங்கலம் — கிழக்கே, மலையடிவாரம். வீட்டைச் சுற்றி ரப்பர் மரம். காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆகும். காலையில் போய் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம். ஸ்பிட்டி இல்லைதான்... ஆனால் கடல் சத்தம் நிச்சயம் அங்கே எட்டாது.

எச்சரிக்கையால் படகு இறங்காத ஒரு நாளாகப் பார்த்துப் போனேன். மரியதாசன் வாசலில் நின்றார். "நீங்க கூட்டிட்டுப் போங்க டீச்சரே. நான் இங்கதான் உண்டு" என்றார். நான் டீச்சர் வேலையை விட்டுப் பல வருஷம் ஆகிறது. பொழியூரில் அது செல்லாது.

ஸ்டெல்லா ஒரு பையோடு வந்தாள். கடல் ஏறினால் எடுத்துக்கொண்டு ஓட, ரேஷன் கார்டும் பத்திரமும் மாற்றுத் துணியும் கட்டி வாசலோரம் எப்போதும் தயாராக வைத்திருக்கும் பை.

"இது எதுக்கு? சாயங்காலம் திரும்பி வாறோம்லா."

"கையில இது இல்லாம வெளியே எறங்கப் படிச்சில்ல."

வண்டி பாறசாலை தாண்டுவதற்குள் வீட்டுக்குப் போன் செய்துவிட்டாள். "சத்தம் எப்படி உண்டு?" என்று கேட்டாள். அந்தப் பக்கம் மரியதாசன் வாயால் பதில் சொல்லவில்லை. போனைக் கடலுக்கு நேரே நீட்டியிருக்கிறார். இவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "சரி" என்று வைத்தாள். வழியில் இன்னும் சில தடவை இதே கச்சேரி. வெளியே வயலும் வாழைத்தோட்டமும், ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகி வரும் மலையும்... நான் காட்டிக் காட்டிப் பேசினேன். அவள் பார்த்தது போனைத்தான்.

சரளா மரச்சீனிக் கிழங்கு அவித்து வைத்திருந்தாள். மீன் குழம்பு வைக்கலாமா என்று பயந்துகொண்டே வைத்தாளாம் — கடற்கரைக்காரிக்கு மலையில் மீன் கொடுப்பது லேசான காரியமா? ஸ்டெல்லா ருசி பார்த்துவிட்டு, "மீன் கொஞ்சம் பழசு. குழம்பு நல்லா உண்டு" என்றாள். எங்கள் பக்கத்தில் இது பாராட்டுதான்.

சாப்பிட்டு முன்னறைக் கட்டிலில் சாய்ந்தவள், சரளாவின் மகன் துபாயில் வாங்கிய பிளாட்டைப் பற்றிய பேச்சின் நடுவிலேயே தூங்கிப்போனாள். வாய் லேசாகத் திறந்திருந்தது. நாங்கள் இருவரும் குரலைத் தாழ்த்திக்கொண்டோம்.

நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனதில் ஒரு திட்டம் இருந்தது. கொஞ்ச தூரத்தில் ஒரு குன்று. மேலே பாறை. சூரியன் இறங்கும் நேரத்தில் அங்கே நின்றால், அடேயப்பா... அதை அவளுக்குக் காட்டாமல் எப்படித் திரும்புவது? சும்மா தூங்கவா இத்தனை தூரம்?

பிற்பகல் ஓய்ந்து, ஒரு இலைகூட அசையாமல் நின்றது. பிறகு மலைப்பக்கத்திலிருந்து ஒரு காற்று இறங்கி, ரப்பர் மரங்களின் தலையில் மொத்தமாக ஏறியது. ஓ... என்று ஒரு சத்தம்.

ஸ்டெல்லா எழுந்து நின்றாள். கண் திறந்திருந்ததே தவிர விழிப்பு இல்லை. நேராக அடுக்களைக்குப் போய் ஃபிரிட்ஜ் பிளக்கைப் பிடுங்கினாள். மூலையில் இருந்த அரிசிச் சாக்கைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவந்து கட்டிலில் போட்டாள். எங்கிருந்து வந்ததோ அந்தப் பலம்! பையைத் தோளில் மாட்டி, என் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எழும்பு மக்கா. கடல் கேறியாச்சு."

முற்றம் வரைக்கும் ஓடினோம். அங்கே வெயில். கோழிகள். வரிசையாக ரப்பர் மரம். அவள் நின்று நிமிர்ந்து பார்த்தாள். மேலே இலைகள் ஆடிக்கொண்டிருந்தன.

சரளா பின்னாலேயே வந்தாள். "எட்டி ஸ்டெல்லா... அது காத்தாக்கும்."

ஸ்டெல்லா சாக்கைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள், சிரிக்க ஆரம்பித்தாள். நாங்களும் சிரித்தோம். சரளாவுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது. ஆனால் என்னுடையது சிரித்ததால் வந்தது அல்ல.

"கடல் இங்க வரைக்கும் வராதுல்லா?" என்று கேட்டாள் ஸ்டெல்லா. விளையாட்டாகத்தான் கேட்டாள். ஆனாலும் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"வராது" என்றாள் சரளா. "எங்க ஆத்துத் தண்ணிதான் உனக்க கடலுக்கு வரும்."

இனி தூங்கமாட்டாள் என்று நினைத்து, என் திட்டத்தை எடுத்தேன். "வா, ஒரு எடம் காட்டுதேன். உச்சியில நிண்ணு பாத்தா ஊரே தெரியும்."

"வேற என்ன தெரியும்?"

நான் பெருமையோடு சொன்னேன். "மேற்கே தூரத்துல, வெயில் பட்டு மின்னிட்டு... கடல் தெரியும்."

சொல்லி முடிப்பதற்குள்ளேயே எனக்குப் புரிந்துவிட்டது. ஸ்டெல்லா உள்ளே போய், சாக்கைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, பக்கத்தில் படுத்தாள். காற்று மறுபடி வந்தது. மரங்கள் மறுபடி இரைந்தன. கண்ணை மூடியபடியே, "காத்தாக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, திரும்பிப் படுத்துத் தூங்கினாள்.

"நீ வேணும்னா போயிட்டு வா. நான் இருக்கேன்லா" என்றாள் சரளா.

போயிருக்கலாம். சாவியை எடுத்துக்கொண்டு முற்றம் வரை போனேன். ஆனால் என் வண்டியைக் கிளப்பினால் எழுப்பும் சத்தம் உங்களுக்குத் தெரியாது. தெரு நாய்கள்கூடக் குரைக்கும். சாவியை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன். கால் துடித்தது. மலைக்கு மேல் வெளிச்சம் மஞ்சளாகி, சிவப்பாகி... நான் இருந்த இடத்திலிருந்து ரப்பர் மரமும் கோழிக்கூடும்தான் தெரிந்தன. உள்ளே அவள் குறட்டை விட ஆரம்பித்தாள். அதைக் கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

சரளா விளக்கேற்றும் நேரத்தில்தான் ஸ்டெல்லா எழுந்தாள். முகம் கழுவி, காப்பி குடித்து, புறப்படும்போது பையைத் தோளிலிருந்து கழற்றிச் சரளாவிடம் நீட்டினாள்.

"இது இங்க இருக்கட்டு மக்கா. நான் போறேன்."

சரளா வாங்கி அலமாரி மேல் வைத்தாள்.  திரும்பும் வழியில் ஸ்டெல்லா வெறும் கைகளை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் எங்கள் பள்ளித் தோழிகளின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்வி. டூர் போனீர்களாமே, எங்களை விட்டுவிட்டு? என்னென்ன பார்த்தீர்கள்? போட்டோ எங்கே?

நான் என்ன பதில் போடுவது என்று விழித்துக்கொண்டிருக்கும்போதே ஸ்டெல்லா முந்திக்கொண்டாள்:

"ஒண்ணும் பாத்தில்ல மக்கா. நல்ல எடமாக்கும்."