அழுமூஞ்சி டீச்சர் திட்டினால்

கைக்குட்டையை மடியில் விரித்து வைத்துக்கொண்ட பிறகுதான் டீச்சர் "ம், படிங்க" என்பார். தலைப்பைச் சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிடும். ஒழுகும் குழாயைப் பற்றிய கதைக்குக்கூட அழுதிருக்கிறார். அதில் மனிதர்களே கிடையாது, குழாய் மட்டும்தான். "பாவம்டா, அது யார்கிட்ட போய்ச் சொல்லும்?" என்று விசும்பினார்.

நூலகத்தின் மாடியில், கால் உடைந்த நாற்காலிகளைப் போட்டு வைக்கும் அறையில், சனிக்கிழமை மாலைகளில் இந்த வகுப்பு. நாலு பேருக்கு நல்லது சொல்லும் குறும்படம் எடுத்தே தீருவோம் என்று துடிக்கும் இளம் தன்னார்வலர்களுக்குக் கதை சொல்லவும் திரைக்கதை எழுதவும் கற்றுக்கொடுக்கிறார். மற்ற நாட்களில் மருத்துவமனை வரவேற்பு மேசையில் டோக்கன் கொடுப்பது அவர் வேலை. இளமையில் வானொலிக்கு நாடகம் எழுதியவர். பிள்ளைகள் அவர் முதுகுக்குப் பின்னால் வைத்திருக்கும் பெயர் 'அழுமூஞ்சி டீச்சர்'. அது அவருக்கும் தெரியும். ஸ்கூட்டரோடு வாசலில் காத்திருக்கும் வீட்டுக்காரர், அவருடைய சிவந்த கண்களைப் பார்த்து, "இன்னிக்கு யாரு செத்தா?" என்று கேட்டுவிட்டுத்தான் வண்டியைக் கிளப்புவார்.

அந்தக் கண்ணீரை நம்பி யாரும் ஏமாற வேண்டாம். மட்டமான கதைக்கும் அது உண்டு. "'சமூக அக்கறை கொண்ட இளைஞன்'னு எழுதியிருக்க. அவனுக்குப் பல்லு வலிக்குமா? காலையில யார்கூடச் சண்டை போட்டுட்டு வந்தான்?" என்று அழுதுகொண்டே கேட்பார். பதில் வராவிட்டால் தாள் திரும்பி வந்துவிடும். கதை தேறியதற்கு ஒரே அடையாளம், அழுகை நின்று, கதையில் வரும் ஆளை அவர் திட்டத் தொடங்குவது. சக்கர நாற்காலி ஏறும் சரிவுப் பாதையை மறித்துக் காரை நிறுத்துகிறவனைப் பற்றி ஒரு பையன் எழுதி வந்தான். "அறிவிருக்காடா உனக்கு? எடுடா வண்டியை!" என்று டீச்சர் போட்ட அதட்டலில், படித்துக்கொண்டிருந்தவனே எழுந்து நின்று, "சாரி டீச்சர், இதோ எடுத்துடறேன்" என்றான். அவனிடம் சைக்கிள்கூடக் கிடையாது. போன முறை படமானது அந்தக் கதைதான்.

இந்த முறையும் ஒரே ஒரு படத்துக்குத்தான் கேமரா கிடைக்கும். விடிந்தால் படப்பிடிப்பு. டீச்சரோ இன்னும் யாரையும் திட்டவில்லை.

"கொஞ்சமாவது திட்டுங்க டீச்சர்" என்று கார்க்கதைப் பையன் கெஞ்சினான்.

"கோவம் வந்தாத்தானேடா திட்ட முடியும்!" என்று மூக்கைச் சிந்தினார்.

மிச்சமிருந்தவள் 'ஆறுமணி'. எந்த வகுப்பானாலும் ஆறு மணிக்கு எழுந்து ஓடிவிடுவதால் அந்தப் பெண்ணுக்கு வந்த பெயர். அதுவரை அவள் எழுதியதெல்லாம் பூமித்தாயின் புலம்பல்கள். பூமித்தாய் பக்கம் பக்கமாக மூச்சு விடாமல் பேசுவாள். போன வாரம் டீச்சர் அவளைப் படிக்கட்டில் மறித்து, "அப்படி என்னடி வெட்டி முறிக்கிற வேலை?" என்றார்.

"தாத்தா படுத்த படுக்கை டீச்சர். நான் போய் உக்காந்தாத்தான் அம்மா குளிக்கவே முடியும்."

"வேற யாருமில்லையா?"

"மாமா வெளியூர்ல இருக்காரு. போன்ல பேசுவாரு."

"இதை எழுதாம, பூமித்தாயை ஏன்டி படுத்தற?"

"இதுல என்ன டீச்சர் கதை இருக்கு?"

இப்போது தாள்களைக் கசங்கக் கசங்கப் பிடித்துக்கொண்டு அவள் படித்தாள். அப்பாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டு இடுப்பைப் பிடித்தபடி நிற்கும் ஒரு மகள். டீச்சர் அழுதார். நனைந்த விரிப்பை மகள் மாற்றுகிறாள். டீச்சர் இன்னும் அழுதார். போன் அடிக்கிறது. திரையில் அண்ணன் முகம்.

"நீ சாதாரணப் பொம்பளையா? தெய்வம்மா நீ!"

"ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போண்ணா. ஒரு நாளாவது முழுசாத் தூங்கறேன்."

"அப்பாவை அந்தக் கோலத்துல பாக்க எனக்கு மனசு தாங்காதும்மா. எனக்கு ரொம்ப இளகின மனசு."

விசும்பல் நின்றது. வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டது.

"தெய்வமாம், தெய்வம்!" டீச்சர் எழுந்துவிட்டார். "இளகின மனசாம்! தூக்கிக் குப்பையில போடு அந்த மனசை! அங்க ஒருத்திக்கு இடுப்பு ஒடியுது, இவருக்கு மனசு தாங்கலையாம்! இன்னிக்கு இவனை ரெண்டுல ஒண்ணு பாக்காம விடமாட்டேன். குடுடி அவன் நம்பரை!"

கைதட்டலில் அறை அதிர்ந்தது. கார்க்கதைப் பையன் விசிலடித்தான். படம் முடிவாகிவிட்டது. ஆறுமணி மட்டும் சிரிக்கவில்லை.

"நிஜமாவே பேசுவீங்களா டீச்சர்? அம்மாவுக்குக் கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப்போச்சு."

கைதட்டல் ஓய்ந்தது. காகிதத்தில் இருப்பவனைத் திட்டலாம், உயிரோடு இருப்பவனையா? பாலில் தண்ணீர் அதிகம் என்று பால்காரரிடம் சொல்லக்கூட வீட்டுக்காரரை அனுப்புகிறவர் டீச்சர். 'நான் சும்மா கதைக்குச் சொன்னேன்' என்று சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அவள் எண்ணை அழுத்திப் போனை நீட்டிவிட்டாள்.

"சொல்லும்மா செல்லம்!" என்றது மறுமுனையில் ஒரு தேன் குரல். "உங்கம்மா, அந்தத் தெய்வம், எப்படி இருக்கா?"

டீச்சர் புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். 'உஸ்' என்று வகுப்பை அடக்கிவிட்டுப் போனைக் கையில் வாங்கினார்.