அஞ்சலையக்காவின் கானாங்கத்தை

2005 கோடையில் நான் மரக்காணம் உப்பளத்தில் கூலி வேலை செய்துகொண்டிருந்தேன். ஒருநாள் காலை, எக்கியார்குப்பத்திலிருந்து மீன் கொண்டுவரும் அஞ்சலையக்காவிடம் கானாங்கத்தை வாங்கினேன். பையோடு வரப்பில் வைத்துவிட்டு உப்பு வாரப் போனேன். மதியம்வரை மீன் வெயிலிலேயே கிடந்தது. வீட்டுக்கு வந்துதான் குழம்பு வைத்தேன்.

சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் என் கணவரின் முகம் சிவந்தது, உடம்பெல்லாம் தடித்தது, வாந்தியும் எடுத்தார். அவரை ஆட்டோவில் ஏற்றும்போது அஞ்சலையக்கா எதிரே வந்தார்.

"கெட்டுப்போன மீனைக் குடுத்து எங்க வீட்டுக்காரரைக் கொல்லப் பாத்தியே!" என்று தெருவே கேட்கக் கத்தினேன்.

"காலையில புடிச்ச மீனும்மா. நீயே செவுளைத் தூக்கிப் பாத்துதானே வாங்கினே?" என்றார். நான் காதில் வாங்கவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்ட டாக்டர், "மீனை வாங்கி எங்கம்மா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். சொன்னேன்.

"இந்த மீன் வெயில்ல கெடந்தா அதுலயே ஒரு விஷம் உண்டாயிடும். எவ்ளோ கொதிக்க வெச்சாலும் போகாது" என்றார். எனக்குத் தலை நிமிரவில்லை.

கணவர் இரண்டே நாளில் வேலைக்குப் போய்விட்டார். ஆனால் அஞ்சலையக்காவிடம் எங்கள் தெருவில் யாரும் மீன் வாங்கவில்லை. தப்பு என்னுடையது என்று சொல்ல வெட்கப்பட்டுச் சும்மா இருந்தேன். அவர் வருவதையே நிறுத்திவிட்டார்.

பிறகு ஒருநாள் குப்பத்துக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "அவரு நல்லா இருக்காராம்மா?" என்று மட்டும் கேட்டார்.

தெருவே கேட்கப் பழி சொன்ன நான், மன்னிப்பை அவர் வீட்டுக்குள் மெல்லச் சொல்லிவிட்டு வந்தேன். என் தெருவுக்கு இன்றுவரை சொல்லவில்லை.