காணாங்கத்தைக் குழம்பு

காணாங்கத்தை என்றால் எங்கள் ஆம்பூரில் மீன் தின்பவர்களே முகத்தைச் சுளிப்பார்கள். கறுப்புச் சதை, கவுச்சி ஜாஸ்தி, விலை கம்மி. விலை கம்மியாக இருந்தால் நம் ஆட்களுக்கு ருசியும் கம்மியாகத்தான் தெரியும். எனக்கு மட்டும் அந்த மீன்மேல் ஒரு பிடிவாதமான ஆசை. அந்த ஆசையில்தான் என் மனைவியைக் கொல்லப் பார்த்தேன்.

எனக்குத் தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில் வேலை. ஆட்டுத்தோல் வந்து இறங்கியதும் உப்பைத் தட்டிப் பிரித்துச் சுண்ணாம்புத் தொட்டிக்கு அனுப்ப வேண்டும். பதினைந்து வருஷத்தில் மூக்கு செத்துவிட்டது. மல்லிகையும் ஒன்றுதான், சாக்கடையும் ஒன்றுதான்.

எங்கள் சரக்கைச் சென்னைத் துறைமுகத்துக்கு ஏற்றிப் போகும் வேன் டிரைவர் வாணியம்பாடிக்காரர், என் தோஸ்த். போன வருஷம் ஒரு லீவு நாளில் அவரோடு தொற்றிக்கொண்டேன். காசிமேட்டில் அவருக்குத் தெரிந்த படகுக்காரர் விடியற்காலையில் எங்களைக் கடலுக்குள் கூட்டிப்போனார். ஒரே தூண்டில் நரம்பில் பத்து முள், ஒவ்வொன்றிலும் மினுக்கும் காகிதம். இறக்கி ஆட்டினால் போதும், நாலைந்து ஒன்றாய்த் துள்ளிக்கொண்டு வருகிறது. அடேயப்பா! சின்னப் பிள்ளைபோலக் கத்தினேன்.

கரைக்கு வந்ததும் டிரைவர் சொன்னார், "ஐஸ் ரெண்டு கட்டி போட்டுக்கோ தோஸ்த். வெயில் பேஜாரா கீது."

"உப்பு இருக்கும்போது ஐஸ் எதுக்கு? செத்த ஆட்டுத் தோலையே மாசக்கணக்குல காப்பாத்துறவன் நானு."

கல்லுப்பை அள்ளித் தடவிக் கோணியில் சுருட்டினேன். தோல் வேறு, குடல் எடுக்காத மீன் வேறு என்று இந்த மேதைக்குத் தோன்றவில்லை. துறைமுக வாசலில் வண்டி வரிசை மத்தியானம்வரை நகரவில்லை. ஆம்பூர் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

கோணியைப் பிரித்ததும் என் மனைவி ஓரடி பின்னால் போனாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் உடனே குனிந்து அரிவாள்மணையை எடுத்தாள்.

அந்தப் பார்வைக்கு ஒரு கதை உண்டு. கல்யாணமான புதிதில் ஒருநாள் நான் வேலைவிட்டு வந்ததும் அவள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். வேண்டுமென்று செய்யவில்லை, பாவம். நான் சோற்றுத் தட்டைத் தூக்கி அடித்தேன். "இந்த நாத்தத்துலதான்டி உனுக்கு சோறு வருது. இன்னொரு தபா மூக்கப் பொத்துன, அவ்ளோதான்." அன்றிலிருந்து எங்கள் வீட்டில் வாடையைப் பற்றிப் பேச்சே கிடையாது. பால் கெட்டுப்போனால்கூட அவளே சத்தமில்லாமல் கொட்டிவிடுவாள்.

மீனின் வயிறு விரலுக்குக் கொழகொழவென்று இருந்தது. தோலாக இருந்தால் அப்போதே கழித்துக் கட்டியிருப்பேன். நான் பிடித்த மீனாயிற்றே! மஞ்சள் போட்டு அலசி, புளி கெட்டியாய்க் கரைத்து, மாங்காய் போட்டு, நானே குழம்பு வைத்தேன். "இன்னிக்கு நீ உக்காரு. நான் போட்றேன்" என்று பெரிய துண்டுகளாகப் பார்த்து வைத்தேன்.

"எப்டி கீது?"

"நல்லா இருக்குதுங்க" என்றாள். தலை நிமிரவில்லை. மூன்று துண்டு தின்றாள்.

நான் உட்கார்ந்ததும் சட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "உங்களுக்கு ரசம் இருக்குது, ஊத்திக்கோங்க. மீதி மீன் எனுக்கு வேணும்."

"அடிப்பாவி, புடிச்சவனுக்கே இல்லியா?" என்று சிரித்துக்கொண்டே ரசம் ஊற்றிக்கொண்டேன். பெருமையாகக்கூட இருந்தது.

அரைமணி நேரம் ஆகியிருக்காது. அவள் முகம் தீயில் காட்டியதுபோலச் சிவந்தது, கண் வீங்கியது, வாந்தி நிற்கவில்லை. மூச்சு இழுக்க ஆரம்பித்ததும் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஊசி போட்டு, குளுக்கோஸ் ஏற்றி, அவள் கண் திறந்தபிறகு டாக்டரம்மா கேட்டார்.

"கெட்டுப்போன மீன்மா. வாயில வெக்கும்போதே வாடை தெரிஞ்சிருக்குமே?"

"சளி டாக்டர். மூக்கு அடச்சிருந்துச்சு."

அவளுக்குச் சளியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பின்னால் போன அந்த ஓரடியும், சட்டியை இழுத்துக்கொண்டதும் அப்போதுதான் எனக்கு உறைத்தது. தெரிந்தேதான் தின்றிருக்கிறாள். தெரிந்தேதான் என்னைத் தின்ன விடவில்லை. அவமானத்தில் உடம்பு கூசியது. 'சளி இல்ல டாக்டர், நான் காட்டுன பயம்' என்று சொல்லிவிட வாய்வரை வந்தது.

டாக்டரம்மா என் பக்கம் திரும்பினார்.

"ஆமா டாக்டர்" என்றேன். "ரெண்டு நாளா சளிதான் அவளுக்கு."