கடைவாய்ப் பல்லும் ஒரு ரோஜா மாலையும்

நாற்பத்து மூன்று வயதில் எனக்கு ஞானப்பல் முளைத்தது. நேராகவும் முளைக்கவில்லை. பஸ்ஸில் தூங்கி விழுகிறவர் பக்கத்து ஆள் தோளில் சாய்வாரே, அப்படிப் பக்கத்துப் பல்லின் மேல் சாய்ந்துகொண்டது. பெரம்பலூர் பல் டாக்டரம்மா எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, இடது பக்கம் மேலே ஒன்று, கீழே ஒன்று, இரண்டையும் எடுத்துவிடலாம் என்றார். சிமெண்ட் ஆலையில் லாரி எடை போடுவது என் வேலை. ஒரு வாரம் லீவு சொல்லிவிட்டு, ஒரு புதன்கிழமை காலை மனைவியோடு போய் எடுத்துக்கொண்டேன்.

டாக்டரம்மா சொன்னதையெல்லாம் மனைவிதான் கவனமாகக் கேட்டாள். பஞ்சை ஒரு மணி நேரம் கடித்திருக்க வேண்டும். எச்சில் துப்பக் கூடாது. ஸ்ட்ரா போட்டு எதையும் உறிஞ்சக் கூடாது. உறிஞ்சினால் குழியில் உறைந்த ரத்தம் கழன்று வந்துவிடும். இன்றைக்குச் சூடும் காரமும் ஆகாது. தயிர்சாதத்தைக் குழைத்துக் கொடுங்கள், ஐஸ்கிரீம் நல்லது, கன்னத்தில் ஐஸ் வையுங்கள்.

பஸ் பிடித்து அரியலூர் வந்து சேர்ந்தோம். பஞ்சை எடுத்துப் போட்டாயிற்று. மரத்த உதடுதான் இன்னும் யாருடையதோ மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. மனைவி ஐஸ் கட்டிகளை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கன்னத்தில் வைத்தாள்.

"கையால எவ்வளவு நேரம் பிடிச்சிக்கிட்டு இருப்பீங்க?" என்று ஒரு வெள்ளைத் துண்டை எடுத்துத் தாடைக்குக் கீழே கொடுத்து, உச்சந்தலையில் முடிச்சுப் போட்டாள். மாத்திரை கொடுத்தாள். நான் ஹாலில் ஃபேனுக்கு நேர் கீழே பாய் விரித்து, மல்லாந்து படுத்து, வெள்ளை வேட்டியைக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். அவள் கதவைச் சாத்திவிட்டு ஐஸ்கிரீமும் தயிரும் வாங்கக் கடைக்குப் போனாள்.

அந்த நேரம் பார்த்து வந்தார் அவளுடைய சித்தப்பா. எனக்கு மாமா முறை. கங்கைகொண்ட சோழபுரத்துப் பக்கம் முந்திரித் தோப்பு வைத்திருப்பவர், அவசரக்காரர். முந்தின நாள் மனைவி அவரிடம் போனில், "அவருக்கு நாளைக்கு ஆபரேஷன்" என்று சொல்லும்போதே லைன் கட்டாகியிருக்கிறது. எந்த இடத்தில் ஆபரேஷன் என்று அவருக்குத் தெரியாது. ஒரு பை வறுத்த முந்திரியோடு பார்க்க வந்தவர், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்திருக்கிறார்.

இறந்தவர்களுக்கு வாய் திறந்துவிடாமல் தாடையைச் சேர்த்துக் கட்டுவார்களே, அதே கட்டு. வெள்ளை வேட்டி. "மாப்ள, மாப்ள" என்று இரண்டு தடவை கூப்பிட்டாராம். மாத்திரைத் தூக்கத்தில் எனக்கு எங்கே கேட்கும்? அழுதுகொண்டே ஊருக்குப் போன் செய்து சொல்லிவிட்டு, தெருமுனைக்குப் போய் ஒரு ரோஜா மாலை வாங்கி வந்துவிட்டார்.

கழுத்தில் ஏதோ ஈரமாகப் பட்டதில்தான் எனக்கு லேசாக விழிப்பு வந்தது. தலைமாட்டில் யாரோ தேம்பும் சத்தம்.

"தங்கமான மனுசனாச்சே! ஒரு நாள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியிருப்பியா? ஒரு வாய் சோறு திங்காம போயிட்டியே மாப்ள!"

கல்யாணமாகிப் பதினாறு வருடங்களில் மாமா என்னைப் பற்றி நல்லதாக ஒரு சொல் சொன்னதில்லை. நான் உடனே எழுந்திருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்றிருந்தது. அவரும் சொன்னார். நான் சோம்பேறி என்று ஊரெல்லாம் பேசியது பாவம் என்றார். அது எனக்குப் புதுச் செய்தி. சட்டென்று எழுந்து உட்கார்ந்தேன்.

"ஆவா..." என்றேன். மாமா என்று சொல்லத்தான் பார்த்தேன். உதடு ஒத்துழைக்காமல், வாய் ஓரம் இளஞ்சிவப்பாக எச்சில் வழிந்தது. மாமா அலறிக்கொண்டு பின்னால் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டார்.

மனைவி உள்ளே வந்தது அப்போதுதான். கழுத்தில் மாலையோடு நான். சுவரோரம் கும்பிட்டபடி அவர். அவள் கையில் ஐஸ்கிரீம் டப்பா.

"என்ன சித்தப்பா, இவருக்கு அறுபதாம் கல்யாணமா பண்றீங்க?"

விஷயம் புரிந்ததும் மாமா தலையிலடித்துக்கொண்டு ஊருக்குப் போன் போட்டார். ஒருவரும் எடுக்கவில்லை. வேன் கிளம்பியிருந்தது, உள்ளே எல்லோரும் அழுதுகொண்டிருந்ததில் மணிச்சத்தம் கேட்கவில்லை. மாலை வேறு பெரிய பிரச்சினையானது. வீட்டில் வைக்கக் கூடாது என்றாள் மனைவி. சாவுக்கு வாங்கியதைச் சாமிக்குப் போட முடியாது என்றார் மாமா. கடைசியில் கொல்லைப்பக்கம் வேப்பமரத்தடியில் அவரே மண்வெட்டி பிடித்துக் குழி தோண்டிப் புதைத்தார். அன்று எங்கள் வீட்டில் நடந்த ஒரே அடக்கம் அதுதான்.

பொழுது சாயும் நேரம் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். நான் கூழாகக் கரைத்த தயிர்சாதத்தைக் கரண்டியால் வலது பக்கமாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தேன். முதலில் வந்த அத்தை என்னைப் பார்த்துவிட்டார். ஆனாலும் வழியெல்லாம் அழுதுவந்த வேகத்தை நிறுத்த முடியாமல், என்னையே கட்டிப்பிடித்து மிச்சத்தையும் அழுது முடித்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "உப்புக் கம்மியா இருக்கும் போலருக்கே?" என்று என் கிண்ணத்தை எட்டிப் பார்த்தார்.

சாவுக்கென்று கிளம்பியவர்கள் குளிக்காமல் திரும்பக் கூடாதாம். ஆள் சாகவில்லையே என்றாள் மனைவி. கிளம்பினது கிளம்பினதுதானே என்றார்கள். ஒன்பது பேரும் குளித்ததில் மாடித் தொட்டி காலி. வந்தவர்களுக்கு அவள் உலை வைத்தாள். வேகும்வரை ஐஸ்கிரீமை எடுத்துக் கொடுத்தாள். எனக்கு மூடியில் ஒட்டியிருந்தது கிடைத்தது. அவர்கள் கொறித்த முந்திரியின் மொறுமொறு சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் அதை வழித்துச் சாப்பிட்டேன். ஒருவர் ஆசையாக இளநீரில் ஸ்ட்ரா போட்டு நீட்டினார். நான் இரண்டு கைகளையும் ஆட்டி மறுத்தேன். "ரொம்ப பலவீனமா இருக்காரு" என்றார் அவர்.

வேன் போன பிறகும் மாமா போகவில்லை. செய்த காரியத்துக்கு என்னைத் தேற்றிவிட்டுத்தான் போவது என்று தங்கிவிட்டார். மறுநாளிலிருந்து வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் கலக்கித் தருவது அவர் வேலை. நான் அதை வாயில் வைத்துத் தலையைச் சாய்த்துச் சாய்த்து அலம்பி, துப்பாமல் அப்படியே ஒழுகவிட வேண்டும். ஒழுகும்வரை பக்கத்தில் நிற்பார். ஆறிய கேழ்வரகுக் கூழ், மசித்த வாழைப்பழம், பருப்புத் தண்ணீரில் கரைத்த இட்லி என்று நான் என்ன சாப்பிட்டேனோ அதையேதான் தானும் சாப்பிடுவேன் என்று பிடிவாதம் பிடித்தார். இரண்டாம் நாள் மாலை, தெருமுனை டீக்கடையில் முதுகைத் திருப்பிக்கொண்டு மிளகாய் பஜ்ஜி தின்றவரை மனைவி பார்த்துவிட்டாள். என்னிடம் மட்டும் சொன்னாள். சிரிக்கக் கூடாது, தையல் பிரியும் என்று அதற்குப் பிறகுதான் சொன்னாள்.

தினமும் காலையில் என் வாய் எவ்வளவு திறக்கிறதென்று அவர் விரலை வைத்து அளப்பார். வெள்ளிக்கிழமை ஒரு விரல். சனிக்கிழமை ஒன்றரை. திங்கட்கிழமை இரண்டு விரல் தாராளமாகப் போனது. மனைவி ஓரம் முறுகாத தோசை ஒன்று ஊற்றி, ஆறவைத்துக் கொண்டுவந்தாள். மாமா எதிரில் உட்கார்ந்து, நான் ஒவ்வொரு துண்டாக வலப்பக்கம் தள்ளி மெல்வதைக் கடைசித் துண்டுவரை பார்த்தார்.

"வலிக்குதா?"

"இல்ல மாமா."

"ஆஸ்பத்திரிக்கு நான் வேணும்னா..."

"தையல் பிரிக்கிறதுதான். நாங்களே போயிக்கிறோம்."

எழுந்து சட்டையைப் போட்டுக்கொண்டார். "அப்ப நான் போயிட்டு வரேன். தோப்புல வேல கெடக்கு" என்றார். மனைவி அவருக்கும் ஒரு தோசை ஊற்றட்டுமா என்று கேட்டாள். முறுகலாக மூன்று ஊற்றச் சொன்னார்.